அவையஞ்சாமையும் புரொன்ட்-எண்ட் தொழிலும்

(மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில், கணினித் துறையை நாடும் தமிழ் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புரொன்ட்-எண்ட், அதாவது இணையத்தளங்களின் முகப்பைக் கட்டுவது, என் தொழில். உலாவியில் ஒருவர் கண்ணால் காண்பதும் விரலால் தொடுவதும் எங்கள் பொறுப்பு. தரவுத்தளத்தையும் சேவையகத்தையும் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் சொல்லும், அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சிஎஸ்எஸ் சொல்லும், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும். இந்த மூன்றையும் வைத்துத்தான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

இந்தத் தொழிலில் எப்படி முன்னேறுவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அதைச் சொல்வதானால் மேடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வள்ளுவர் அமைச்சியலில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறார். அமைச்சனுக்கு மட்டும் தேவையான குணம் அது என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தொழிலில் பயன்படும் பெரிய கருவிகள் பலவும் ஒரு மண்டபத்தில், சக தொழிலாளர்கள் முன்னால், ஒருவர் எழுந்து நின்று சொன்னதால்தான் உலகத்துக்குத் தெரிய வந்தன. ஆனால் நம் பிள்ளைகள் அருமையாக வேலை செய்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அது என்னை வருத்துகிறது. அதனால்தான் இன்றைக்கு வந்தேன்.

முதலில் இந்த ஊரைப் பற்றி ஒன்று. 1990இல் மக்கில் பல்கலைக்கழகத்தில் அலன் எம்டேஜ் என்றொரு மாணவர் இருந்தார். பார்படோஸ் தீவிலிருந்து படிக்க வந்த கறுப்பினப் பையன். அப்போது வலைப்பக்கம் என்பதே பொதுமக்கள் கைக்கு வரவில்லை. உலகெங்கும் சேவையகங்களில் சிதறிக் கிடந்த கோப்புகளின் பெயர்களைத் திரட்டித் தேட ஒரு நிரல் எழுதினார். ஆர்ச்சி என்று பெயர். இணையத்தின் முதல் தேடுபொறி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. அவர் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. இணையத் தரங்களை வகுக்கும் கூட்டங்களுக்குப் போனார், வலை முகவரியை எப்படி எழுத வேண்டும் என்று தீர்மானித்த பணிக்குழுவுக்குத் தலைமை ஏற்றவர்களில் ஒருவரானார். இன்றைக்கு நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு முகவரியின் வடிவத்திலும் அந்தக் கூட்டங்களின் பேச்சு இருக்கிறது. இந்த ஊருக்கு வந்து சேர்ந்த ஓர் இளைஞர் செய்த வேலை அது. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

சிஎஸ்எஸ்ஸின் கதையும் இப்படித்தான். 1994 அக்டோபரில் ஹோகோன் வியம் லீ என்ற நோர்வேக்காரர் ஒரு முன்மொழிவை எழுதினார். அதே ஆண்டில் சிகாகோவில் நடந்த வலை மாநாட்டில் அது முன்வைக்கப்பட்டது. ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் 2006 ஜனவரியில் நியூயோர்க்கில் ஒரு சிறு ஒன்றுகூடலில் வெளியானது. ஜாவாஸ்கிரிப்டைச் சேவையகத்திலும் ஓட்டும் நோட் என்பதை ரயன் டால் 2009இல் பெர்லினில் அறிமுகப்படுத்தியபோது சபை எழுந்து நின்று கைதட்டியது. கைத்தொலைபேசிக்கும் பெரிய திரைக்கும் ஒரே பக்கம் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை ஈத்தன் மார்க்கொட் 2010 ஏப்ரலில் சியாட்டில் மேடையில் பேசினார். கட்டுரையாக வந்தது மே மாதத்தில். பேச்சு முந்தியது, எழுத்து பிந்தியது.

கைதட்டல் கிடைக்காத பேச்சுகளும் உண்டு. 2013 மே மாதத்தில் பேஸ்புக் குழு ரியாக்ட் என்ற கருவியை அமெரிக்க மாநாடு ஒன்றில் காட்டியபோது சபை முகம் சுளித்தது. ஜாவாஸ்கிரிப்டுக்குள் எச்டிஎம்எல் போன்ற ஒன்றை எழுதுவதா என்று பலர் கேட்டார்கள். அடுத்த சில மாதங்களில் அதே குழுவைச் சேர்ந்த பீட் ஹன்ட் வேறொரு மாநாட்டில் அதே கருத்தை வேறு விதமாக எடுத்து விளக்கினார். கருவி மாறவில்லை, சொன்ன விதம் மாறியது. அதன் பிறகுதான் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இவற்றிலெல்லாம் எனக்கு மிகப் பிடித்தது டான் அப்ரமோவின் கதை. ரஷ்யாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். 2015 ஜூலையில் பாரிஸில் நடக்கவிருந்த ரியாக்ட் மாநாட்டுக்கு ஒரு முன்மொழிவு அனுப்பினார். நிரலை மாற்றியதும் திரை உடனே மாற வேண்டும், நடந்த செயல்களைப் பின்னோக்கியும் முன்னோக்கியும் ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும் என்பது பேச்சின் பொருள். முன்மொழிவு ஏற்கப்பட்டது. ஆனால் அப்படி ஒரு கருவி அவரிடம் அப்போது இருக்கவில்லை. பேச்சுக்காக அதைக் கட்டத் தொடங்கினார். அப்படி உருவானதுதான் ரெடக்ஸ். பேச்சு நடந்த சில மாதங்களில் பேஸ்புக்கின் ரியாக்ட் குழு அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் எத்தனையோ நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு ரெடக்ஸை நம்பித் தங்கள் மென்பொருளைக் கட்டின. செய்து முடித்ததைச் சொல்லத்தான் மேடை என்று நினைக்கிறோம். ஆனால் குறித்த ஒரு நாளில் ஒரு சபை முன் நிற்க வேண்டும் என்ற கடப்பாடு, மனதில் மங்கலாகக் கிடக்கும் யோசனையை வேலையாக்கிவிடும். என் வாழ்க்கையிலும் நான் எதையாவது ஆழமாகக் கற்றேன் என்றால் அதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்ட பிறகுதான் கற்றேன்.

இனி நம்முடைய சொந்தக் கதைக்கு வருகிறேன்.

1990களில் தமிழ் வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தால், அந்தத் தளத்தின் எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டால் பொருளில்லாத இலத்தீன் எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொன்றுக்கும் வேறு குறியேற்றம். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி தமிழை வலையில் ஏற்றும் வேலையில் இறங்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நாட்டின் நான்கு மொழிகளிலும் வலையேறியபோது அதில் தமிழும் இருந்தது. தனித்தனியாக இவர்கள் செய்தவை பெரிய வேலைகள். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் கணினி படிக்காது. எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கதைத்தால்தான் அது தீரும்.

1997 மே மாதத்தில் கோவிந்தசாமி சிங்கப்பூரில் அந்தக் கூட்டத்தைக் கூட்டினார். தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை அங்கே தொடங்கியது. 1999 பெப்ரவரியில் சென்னையில் அடுத்தது நடந்தது. அதன் விளைவாகத்தான் தமிழ்99 விசைப்பலகை தமிழக அரசின் தரமானது. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாகி அந்த மாநாடுகளைத் தொடர்ந்து நடத்தியது. கோவிந்தசாமி 1999இலேயே காலமாகிவிட்டார். அந்த மண்டபங்களில் பேசியவர்களுக்குள் குறியேற்றத்தைப் பற்றிக் கடும் வாக்குவாதங்கள் இருந்தன. ஒரு தரப்பு சொன்னதை மறுதரப்பு ஏற்கவில்லை. ஆனாலும் சபையில் சொல்லி, சபையில் மறுத்து, கடைசியில் உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு உங்கள் அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கைத்தொலைபேசியில் தமிழில் எழுதி அனுப்புவது இங்கே அப்படியே தெரிகிறது என்றால், அதற்காக மேடையேறி மல்லுக்கட்டியவர்கள் இருந்தார்கள். 2017இல் அதே மாநாடு நம் கனடாவுக்கே வந்தது, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில். இங்கிருந்து காரில் ஐந்தாறு மணிநேரப் பயணம்.

நாம் ஏன் பேசத் தயங்குகிறோம் என்று பெற்றோர்கள் முன்னால் மரியாதையோடு சொல்ல விரும்புகிறேன். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இந்த நகருக்கு வந்தவர்கள் அகதிகளாக வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கும் மேற்பட்ட தமிழரை மீனவர்கள் மீட்ட செய்தி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வந்தவர்களுக்கு மொழி இல்லை, பத்திரம் இல்லை, நாளைக்கு என்ன என்ற உறுதி இல்லை. என் அம்மா சபனல் தெருத் தையல் தொழிற்சாலையில் வேலை செய்தார். தலையைக் குனிந்து வேலையைச் செய், யாரோடும் வாய் காட்டாதே என்றுதான் எங்களை வளர்த்தார். அந்த நாளில் அது எங்களைக் காப்பாற்றிய அறிவுரை. அம்மாவின் அந்தக் கவனத்தால்தான் நான் படித்தேன். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்து, குடியுரிமையும் கையில் உள்ள பிள்ளை அதே பயத்தைச் சுமக்கத் தேவையில்லை.

"எங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது, அக்கா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். சென்ட் லோரன்ட் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கியூபெக்கின் 101ஆம் மொழிச் சட்டத்தால் பள்ளியில் பிரெஞ்சு, வேலைத்தலத்தில் பாதி ஆங்கிலம். ஒரு திரையில் மூன்று மொழிகள் என்ன பாடுபடும் என்பதை அந்தப் பிள்ளை அளவுக்கு அறிந்த ஆள் பல அலுவலகங்களில் இல்லை.

தமிழ் என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். மகரமும் அதன் மேல் வரும் இகரக் குறியும் அதற்கு வெவ்வேறு. ழகரமும் புள்ளியும் வெவ்வேறு. இதனால் என்னென்ன நடக்கிறது? பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் செயலியில் கோபி என்ற பிள்ளைக்குக் கோ வர வேண்டும், வெறும் க வருகிறது. எழுத்து எழுத்தாகத் தோன்றும் அசைவைத் தமிழுக்குப் போட்டால் கொம்பும் சுழியும் புள்ளிவட்டத்தில் தனியே தொங்குகின்றன. இருபது எழுத்துக்கு மேல் எழுதக்கூடாது என்ற பெட்டியில் தமிழர் பத்துப் பன்னிரண்டு எழுத்தோடு நிறுத்த வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய உலாவிக்குள்ளேயே இன்டில் செக்மென்டர் என்ற வசதி வந்திருக்கிறது. குரோமில் 2020இல் வந்தது, ஃபயர்ஃபொக்ஸில் 2024இல்தான் வந்தது. அது தமிழ் என்பதை மூன்றாகப் பிரிக்கும். ஆனால் க்ஷ என்பதை இரண்டாகப் பிரிக்கும், ஸ்ரீ என்பதையும் இரண்டாகப் பிரிக்கும். சரியா, தவறா? அதுவே ஒரு பேச்சுக்குப் போதுமான கேள்வி.

இன்னொன்று. கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம். அதன் ஒகரத்தை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. கொழும்பு என்று தேடுகிறவருக்குப் பட்டியலில் உள்ள கொழும்பு கிடைக்காமல் போவது இதனால்தான். நோர்மலைஸ் என்ற ஒரே கட்டளையால் தீர்ந்துவிடும். ஆனால் அப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாத குழுவில் யார் அதை எழுதுவார்கள்?

பிரெஞ்சிலும் இப்படி நிறைய உண்டு. முக்காற்புள்ளிக்கு முன்னால் பிரெஞ்சில் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி உடையாத இடைவெளியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிகள் மட்டும் தனியாக அடுத்த வரியில் போய் நிற்கும். கேள்விக்குறிக்கு முன் பிரான்சில் மெல்லிய இடைவெளி விடுவார்கள், கியூபெக்கில் விடுவதில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் பிரெஞ்சுச் சொல் கொள்ளாது, தமிழ்ச் சொல் அதிலும் கொள்ளாது. 2022இல் நிறைவேறிய 96ஆம் சட்டத்துக்குப் பிறகு, இங்குள்ள வணிகத் தளத்தின் பிரெஞ்சுப் பதிப்பு பிற மொழிப் பதிப்பை விடக் குறைந்த வசதியோடு இருக்கக் கூடாது. எனவே இது சட்டப்படியான தேவையும்கூட. அந்தத் தேவையை நிறைவேற்றக் கூடிய பிள்ளைகள் இந்த அறையில் இருக்கிறார்கள்.

இந்தத் தொழில் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு டொனா ஜோடனின் வழக்கைச் சொல்ல வேண்டும். கண்பார்வையற்ற கனேடியப் பெண்மணி. கூட்டரசின் தளத்தில் வேலைக்கு விண்ணப்பிக்க முயன்றார், 2006இல் குடிசன மதிப்பை இணையத்தில் நிரப்ப முயன்றார். திரையை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருளோடு அந்தப் பக்கங்கள் ஒத்துழைக்கவில்லை. வழக்குப் போட்டார். 2010 நவம்பரில், இது உரிமைச் சாசனம் தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து, தளங்களைத் திருத்த 15 மாத அவகாசம் கொடுத்தது. அரசு மேன்முறையீடு செய்து 2012இல் தோற்றது. கியூபெக் அரசும் 2011இல் தன் தளங்களுக்கு அணுகல் தரங்களை வகுத்தது. ஒரு படத்துக்கு மாற்றுரை எழுதுவதும், படிவப் பெட்டிக்கு அதன் பெயரை முறையாக இணைப்பதும் எங்கள் கையிலுள்ள வேலைகள். வலை அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டியின் 2023இல் வந்த புதிய பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. கை நடுங்கும் முதியவர் தன் மருந்துச் சீட்டைத் தானே புதுப்பிக்க முடிவதும் முடியாமல் போவதும் அந்த 24 பிக்சலில் இருக்கிறது. இதைவிட மனிதருக்கு நெருக்கமான வேலை கணினித் துறையில் எனக்குத் தெரியாது.

பெற்றோர் கேட்க நினைக்கும் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். எங்கே படிப்பது? நமக்குப் பக்கத்திலேயே வனியே கல்லூரியில் கணினித் தொழில்நுட்பம் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கிறது. அதை முடித்து நேரே வேலைக்குப் போகலாம், பல்கலைக்கழகமும் போகலாம். எந்த வழியில் போனாலும் ரியாக்டை மட்டும் படித்துவிட்டு நிற்காதீர்கள். அதற்கு முன்னிருந்த கருவிகள் வந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். உலாவி எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவருக்கு அடுத்த கருவி பயம் தராது.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடாதா என்பது இரண்டாவது. தொடக்கநிலை வேலைகள் இறுகியிருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். பொத்தான் ஒன்றை எழுதித் தா என்றால் அது எழுதித் தருகிறது. அந்தப் பொத்தானில் தமிழ்ச் சொல்லின் காலும் சுழியும் வெட்டுப்பட்டு நிற்கிறதா, கண்பார்வையற்றவரின் காதில் அது என்னவென்று ஒலிக்கிறது என்பதையெல்லாம் சோதித்து, பொறுப்பேற்று, குழுவுக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். விளக்கிச் சொல்லும் திறமைக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. எனக்குக் கிடைத்த நல்ல வேலைகள் பெரும்பாலும் என் பேச்சை எங்கோ கேட்ட ஒருவர் மூலமாகத்தான் வந்தன.

எப்படித் தொடங்குவது? ஐந்து நிமிடப் பேச்சிலிருந்து. இந்த நகரில் மாலை வேளைகளில் நடக்கும் நிரலாளர் சந்திப்புகளில் அதற்கு இடம் தருவார்கள். பிறகு கொன்ஃபூ போன்ற மாநாடு. 2010இலிருந்து இங்கே நடக்கிறது, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேச்சுகள் இருக்கும். பொனாவென்ச்சூர் ஹோட்டலில் நடக்கும்போது கோட்-வெர்ட்டுவில் மெட்ரோ ஏறினால் மாறாமலே போய் இறங்கலாம். முன்மொழிவில் இரண்டு விடயம் தெளிவாக இருக்கட்டும்: யாருக்காகப் பேசுகிறீர்கள், கேட்டவர் மறுநாள் தன் வேலையில் எதை மாற்றுவார். நிராகரிப்பு வரும். அதே முன்மொழிவைத் திருத்தி வேறிடம் அனுப்புங்கள். பயணச் செலவைத் தருகிறார்களா என்று ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்கள் அமெரிக்காவில் பேசுவதானால் விசாவுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றிப் பயப்படும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு: இந்த நகரில் எல்லாருக்கும் ஓர் உச்சரிப்பு உண்டு. நிதானமாகப் பேசுங்கள், வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு விடுங்கள், அது போதும். முதல் ஒத்திகையைத் தமிழில் செய்யுங்கள். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தமிழில் விளக்க முடிந்தால் விடயம் உங்களுக்குப் புரிந்திருக்கிறது. விளக்க முடியாத இடத்தில்தான் உங்கள் பேச்சு இன்னும் வேகவில்லை. அதன் பிறகு பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மேடையில் நேரடியாக நிரல் எழுதிக் காட்ட ஆசைப்பட்டால் அதை முன்கூட்டியே பதிவும் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மண்டப இணைப்பை நம்ப வேண்டாம். கேள்வி வந்தால் ஒலிவாங்கியில் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், யோசிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும். பதில் தெரியாவிட்டால் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். சபை அதை மதிக்கும்.

நான் கேட்க விரும்பும் பேச்சுகள் சில இருக்கின்றன. க்ஷவை ஓரெழுத்தாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று யாராவது பேச வேண்டும். மூன்று மொழிப் படிவம் ஒன்றில் பிழைச் செய்தியை எங்கே வைப்பது என்று பேச வேண்டும். நம் கோயில், சங்கத் தளங்களைத் திரைவாசிப்பானில் கேட்டால் எப்படி ஒலிக்கின்றன என்று பேச வேண்டும். இவற்றில் ஒன்றை எடுக்கிற தம்பி தங்கச்சி யாரானாலும், முதல் ஒத்திகைக்கு என்னைக் கூப்பிடுங்கள். இந்த ஊர் நூலகத்தில் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வோம். ஸ்லைட் இல்லாமல் வாருங்கள், அதைப் பிறகு செய்யலாம். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.